விரல் விட்டு எண்ணும் பிள்ளை

எண்பதுகளில், எங்கள் மூன்றாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போது எல்லோருடைய இடது கையும் மேசைக்கு அடியில்தான் இருக்கும். வலது கை சிலேட்டில், இடது கை மறைவில். விரல் வெளியே தெரிந்தால் முட்டியில் ஸ்கேல் விழும். "மூணாவது வந்தாச்சு, இன்னும் என்னடா விரலு?" என்பார் வாத்தியார். நாங்கள் விரலை விடவில்லை, ஒளிக்கக் கற்றுக்கொண்டோம். ஒருவன் தொடையில் தட்டி எண்ணுவான். இன்னொருத்தி நாக்கால் பல்லைத் தொட்டு எண்ணுவாள். எனக்குப் பாட்டி சொல்லிக்கொடுத்த வழி இருந்தது: கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவது. விரலுக்கு மூன்று கணு. கையை மூடினாற்போல் வைத்துக்கொண்டே ஒரு டஜன் எண்ணிவிடலாம், யாருக்கும் தெரியாது.

அதே எண்பதுகளில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர், கூட்டல் கணக்குப் போடும் சின்னப் பிள்ளைகளை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். விரல் எப்போது நீள்கிறது, உதடு எப்போது அசைகிறது, எப்போது இரண்டும் இல்லாமல் விடை வருகிறது என்று கணக்குக் கணக்காகப் பார்த்தார். எங்கள் வாத்தியாருக்குக் குற்றமாகப் பட்டது அவருக்குத் தடயமாக இருந்தது.

கணிதத் திறனின் அறிதல் உளவியல் என்று இந்தத் துறையைச் சொல்வார்கள். பெயர்தான் கொஞ்சம் மிரட்டும். கேள்வி சின்னது: 8+6 என்று கேட்டதற்கும் 14 என்று சொன்னதற்கும் நடுவில் தலைக்குள் என்ன நடந்தது? இதற்குப் பலர் பல வழியில் விடை தேடியிருக்கிறார்கள். மூளையைப் படம்பிடித்தவர்கள் உண்டு, கைக்குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டிச் சோதித்தவர்கள் உண்டு. ஆரம்பநிலை வாசகருக்குச் சீக்லரைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் நம் வீட்டில் தினம் நடப்பவை. விரல் எண்ணிக்கை, எண்கோடு, தாயக்கட்டை உருட்டி ஆடும் விளையாட்டு, பின்னம்.

முதலில் நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். 8+6. விடை 14 என்பது இருக்கட்டும், எப்படி வந்தது? சிலருக்கு நினைவிலிருந்து அப்படியே எழும். சிலர் ஆறிலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி, மீதி நாலைச் சேர்ப்பார்கள். "ஏழும் ஏழும் பதினாலு, இதுவும் அதேதான்" என்பவர்களும் உண்டு. இப்போது 2+2. இதற்கு யாரும் பத்தாக்கப் போவதில்லை. ஆக ஒரே ஆள், அரை நிமிடத்துக்குள், ஒரே வகைக் கணக்குக்கு இரண்டு வழியில் போய்விட்டார். இது ஏதோ அற்ப விஷயம்போல் தெரிகிறதல்லவா? 1980களின் நடுப்பகுதி வரை இந்தத் துறையில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

சராசரியில் ஒளிந்துகொண்டது

1972ஆம் ஆண்டு க்ரோன், பார்க்மன் என்ற இருவர் ஓர் அழகான முடிவை வெளியிட்டார்கள். முதல் வகுப்புக் குழந்தைகள் கூட்டல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்ததில், இரண்டு எண்களில் சின்னது எதுவோ அதைப் பொறுத்தே நேரம் கூடியது. சின்ன எண் ஒன்று கூடினால் ஏறக்குறைய 0.4 வினாடி கூடும். 6+2 ஆனாலும் 2+6 ஆனாலும் நேரம் ஒன்றுதான். இதிலிருந்து அவர்கள் ஊகித்தது: குழந்தை பெரிய எண்ணை மனதில் நிறுத்திக்கொண்டு, சின்ன எண்ணின் அளவுக்கு மேலே எண்ணிப் போகிறது. "ஆறு... ஏழு, எட்டு." நம் வீடுகளில் "பெரிய நம்பரை மனசுல வச்சுக்கோ, சின்ன நம்பரை விரல்ல வச்சுக்கோ" என்று சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

ஒரு வயது, ஒரு வழி. பாடப்புத்தகத்தில் போட வசதியான முடிவு. பலரும் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

சீக்லர் இதே சோதனையை மறுபடி செய்தபோது ஒன்றைக் கூடுதலாகச் செய்தார். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் குழந்தையிடமே "இதை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள். 1987இல் வந்த அந்தக் கட்டுரையில், எல்லா விடைகளையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் பழைய முடிவே அச்சாக வந்தது. ஆனால் பிள்ளைகள் சொன்னதை வைத்துப் பிரித்துப் பார்த்தால், பெரியதிலிருந்து மேலே எண்ணும் வழியைப் பயன்படுத்தியது மொத்தக் கணக்குகளில் 36 சதவீதம் மட்டுமே. மற்றதெல்லாம் வேறு. சிலதை நினைவிலிருந்து எடுத்தார்கள், சிலதை ஒன்றிலிருந்து எண்ணினார்கள், சிலதை உடைத்துச் சேர்த்தார்கள், சிலதுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அதுவும் ஒரு பிள்ளை ஒரு வழி என்றில்லை. ஒரே பிள்ளைதான் கணக்குக்குக் கணக்கு மாறிக்கொண்டிருந்தது.

டீக்கடையில் நாலு பேர். இரண்டு பேர் சர்க்கரையே வேண்டாம் என்கிறார்கள், மற்ற இருவர் நாலு கரண்டி கேட்கிறார்கள். சராசரி இரண்டு கரண்டி. அந்தச் சராசரியை நம்பி இரண்டு கரண்டி போட்டு நாலு டம்ளரையும் நீட்டினால் நாலு பேரும் முகம் சுளிப்பார்கள். சராசரி என்பது இல்லாத ஓர் ஆளின் ஜாதகம். சீக்லர் அந்தக் கட்டுரையில் சொன்ன எச்சரிக்கை ஏறத்தாழ இதுதான்.

குழந்தை சொல்வதை எப்படி நம்புவது என்ற சந்தேகம் எழும், நியாயமானதுதான். அதற்கும் அவரிடம் ஒரு பிடி இருந்தது. "மேலே எண்ணினேன்" என்று பிள்ளைகள் சொன்ன கணக்குகளை மட்டும் தனியே எடுத்தால், நேரம் சின்ன எண்ணோடு முன்பைவிட நெருக்கமாகப் பொருந்தியது. வேறு வழி சொன்ன கணக்குகளில் அந்தப் பொருத்தம் தளர்ந்தது. கடிகாரமும் வாயும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம்.

இதிலிருந்து அவர் குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றிய பழைய படத்தையே மாற்றி வரைந்தார். நாம் வழக்கமாக நினைப்பது படிக்கட்டு. ஐந்து வயதில் ஒரு படி, ஏழு வயதில் அடுத்த படி, ஏறியபின் கீழ்ப்படிக்கு வேலையில்லை. சீக்லர் 1996இல் முன்வைத்தது அலைகள். மெரினாவில் நின்று பார்த்தால் ஓர் அலை கரையில் உடைந்து பின்வாங்கும்போதே அடுத்தது எழும்பியிருக்கும், அதற்கும் பின்னால் இன்னொன்று தலைகாட்டும். எந்த நேரத்திலும் பல அலைகள். அதுபோல ஒரு பிள்ளையின் தலைக்குள் பல வழிகள் கூடவே இருக்கும். ஒன்று தேய, ஒன்று வளர, எந்த வயதிலும் ஒன்று மட்டும் தனித்து ஆள்வதில்லை.

எப்போது விரல், எப்போது நினைவு

பல வழி இருந்தால் எதை எடுப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? குழந்தை உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. சீக்லரும் அவருடன் வேலை செய்த ஜெஃப் ஷ்ரேகரும் 1984இல் தந்த விளக்கம் எளிமையானது.

ஒரு கணக்கைப் போடும் ஒவ்வொரு முறையும், சொன்ன விடை அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்கிறது, சரியோ தவறோ. 2+2க்கு எப்போதும் 4 என்றே வந்திருப்பதால் 4 மட்டும் மலைபோல நிற்கும். 3+4க்கு அப்படியில்லை. எண்ணத் தவறி ஒரு தடவை 6 வந்திருக்கும், ஒரு தடவை 8. சின்னப் பிள்ளைகள் 5 என்றுகூடச் சொல்வார்கள். ஏனென்றால் மூன்று, நான்கு என்று காதில் விழுந்ததும் ஐந்து என்று நாக்கு தானாக ஓடும், பாட்டின் அடுத்த வரி மாதிரி. ஆக 3+4க்கு நினைவில் மலை இல்லை, நாலைந்து மேடுகள்தான். விடையைத் தேடும்போது மலை தென்பட்டால் குழந்தை அதை அப்படியே சொல்லிவிடும். மேடுகளே தென்பட்டால் நம்பிக்கை வராது, விரல் நீளும். எண்ணிச் சரியான விடை வந்தால் அந்த மேடு கொஞ்சம் உயரும். ஒரு நாள் அதுவே மலையாகிவிடும். அதன்பின் விரல் தானாக மடங்கிக்கொள்ளும், யாரும் ஸ்கேலைத் தூக்க வேண்டியதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மூன்றாம் வகுப்பு நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? விரலைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த விளக்கத்திலேயே விடை இருக்கிறது. பிள்ளை ஊகித்துச் சொல்லும். ஊகம் தவறும். தவறிய விடை கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த தடவை நினைவில் தேடினால் அந்தத் தப்பான மேடும் சேர்ந்தே எழும். மனப்பாடம் சீக்கிரம் வரட்டும் என்று செய்ததே மனப்பாடத்தைத் தள்ளிப்போடும்.

1988இல் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகள் மூன்று விதமாகப் பிரிந்தார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், அவ்வளவாகப் படிக்காத பிள்ளைகள், மூன்றாவதாக "முழுத் திருத்தம் தேடுபவர்கள்". இந்த மூன்றாவது கூட்டம் விரலை அதிகம் பயன்படுத்தியது. மேலோட்டமாகப் பார்த்தால் மந்தம் என்று முத்திரை குத்திவிடுவோம். ஆனால் தேர்வு மதிப்பெண்ணில் இவர்கள் முதல் கூட்டத்துக்குச் சற்றும் குறைந்தவர்களில்லை. நினைவில் விடை இருந்தாலும், சந்தேகம் துளி இருந்தால்கூட எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளும் சுபாவம், அவ்வளவுதான். கடைக்காரர் பணத்தை இரண்டாம் முறை எண்ணுவதைப் போல. உண்மையில் தடுமாறியவர்கள் நடுக்கூட்டம். அவர்கள் விரலையும் அதிகம் நீட்டவில்லை, நினைவும் உறுதியில்லை. அரைகுறை நம்பிக்கையிலேயே பட்டென்று விடை சொன்னார்கள்.

வகுப்பறையில் மின்னல்போல் பதில் சொல்லும் பிள்ளைதான் எப்போதும் நம் கண்ணில் படும். அந்த மின்னலில் எத்தனை ஊகம் என்று பார்க்க ஆசிரியருக்கு நேரம் இருப்பதில்லை.

புது வழி எப்படிப் பிறக்கிறது

ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருந்த குழந்தை, பெரிய எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கும் அந்தத் தருணத்தை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா? சீக்லரும் எரிக் ஜென்கின்ஸும் அதற்காகக் காத்திருந்தார்கள். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் சிலரை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 11 வாரம், வாரத்துக்கு மூன்று முறை கணக்குக் கொடுத்தார்கள். யாரும் அந்த வழியைச் சொல்லித்தரவில்லை. முடிவு 1989இல் வெளிவந்தது.

பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில்தான் ருசி. முட்டி மோதித் தோற்ற பிறகு புது வழி வரும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. முன்பு சரியாகப் போட்ட, சுலபமான கணக்கிலேயே புது வழி எட்டிப் பார்த்தது. அது வரும் நேரத்தில் பிள்ளை வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது, ஏதேதோ முனகியது, தயங்கியது. கண்டுபிடித்துவிட்டதும் "யுரேகா" என்று துள்ளவும் இல்லை. பல பிள்ளைகளுக்குத் தாம் புதிதாக எதையோ செய்தோம் என்றே தெரியவில்லை. அடுத்த கணக்குக்குப் பழையபடி ஒன்றிலிருந்து எண்ணப் போய்விட்டார்கள்! பின்னர் 22+3 மாதிரிக் கணக்குகளைக் கொடுத்தபோதுதான் புது வழிக்கு மவுசு வந்தது. இருபத்திரண்டை யார் ஒன்றிலிருந்து எண்ணுவது?

இன்னொன்றையும் கவனித்தார்கள். பிள்ளைகள் எத்தனையோ வழிகளில் தடவினாலும், அடிப்படையே தவறான வழியை யாரும் முயலவில்லை. முதல் எண்ணையே இரண்டு முறை எண்ணிக் கூட்டுவது போன்ற கோணல் எதுவும் வரவில்லை. கூட்டல் என்றால் இரண்டு குவியலும் ஒரு தடவை கணக்கில் வரவேண்டும் என்ற உணர்வு, வழி தெரிவதற்கு முன்பே இருந்திருக்கிறது.

ஒரு கோடு, இரண்டு முனைகள்

அடுத்தது எண்கோடு. ஒரு வெள்ளைத்தாளில் நீளமாகக் கோடு போட்டு, இடது முனையில் 0, வலது முனையில் 100 என்று எழுதுங்கள். நடுவில் வேறு எதுவும் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளையிடம் "10 எங்கே வரும், புள்ளி வை" என்று கொடுங்கள். பெரும்பாலும் புள்ளி நடுவை நோக்கித் தள்ளிப்போய் விழும். சின்ன எண்களுக்கெல்லாம் தாராளமாக இடம் கொடுத்துவிட்டு, 60, 70, 80, 90 எல்லாவற்றையும் வலது ஓரத்தில் கூட்ட நேரப் பேருந்துபோல நெருக்கி அடைத்துவிடும்.

இது கவனக்குறைவு அல்ல. ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது, எண்பத்தொன்றுக்கும் எண்பத்திரண்டுக்கும் உள்ளது ஒன்றுமில்லை என்பதுபோல் குழந்தையின் உள்ளளவுகோல் இருக்கிறது. நமக்கும் அந்த உணர்வு முழுக்கப் போய்விடவில்லை. பத்து ரூபாய்க் கீரை இருபது ஆனால் சண்டை போடுவோம். முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளில் பத்து ரூபாய் கூடினால் திரும்பிப் பார்க்க மாட்டோம். இந்த நெருக்கல், எண் பெருகப் பெருக இடைவெளி சுருங்கும் மடக்கை (லாகரிதம்) அளவுகோலை ஒத்திருக்கிறது என்பது சீக்லரும் ஜான் ஓப்ஃபரும் 2003இல் சொன்னது. இரண்டாம் வகுப்பு வருவதற்குள் 100 வரை கோடு சீராகிவிடுகிறது. ஆனால் அதே பிள்ளையிடம் 1000 வரையுள்ள கோட்டை நீட்டினால் மறுபடி பழைய நெருக்கல்! அது சீராக நாலாம் வகுப்பு ஆகிறது. இங்கேயும் படிக்கட்டு இல்லை, அலைதான். ஒரே பிள்ளையின் தலையில் இரண்டு அளவுகோல்கள்.

2007இல் இவர்கள் செய்த ஒரு திருத்த முயற்சியைச் சொல்லவேண்டும். 0 முதல் 1000 வரையுள்ள கோட்டில் இரண்டு அளவுகோல்களும் மிக அதிகமாக முரண்படும் இடம் 150க்கு அருகில் இருக்கிறது. நெருக்கி அடைக்கும் பிள்ளை 150ஐப் பாதிக்கு அப்பால் கொண்டுபோய் வைத்திருக்கும். "நீ இங்கே வச்சே, அது இங்கேதான் வரணும்" என்று அந்த ஓர் இடத்தில் காட்டியபோது, பல பிள்ளைகள் அந்த ஒரு புள்ளியை மட்டும் திருத்திக்கொள்ளவில்லை. கோடு முழுவதையும் ஒரேயடியாக மாற்றிவிட்டார்கள். 100 வரைக்கும் தெரிந்த அளவுகோல் கையிலேயே இருந்தது, இங்கேயும் செல்லும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

எல்லோரும் இந்த விளக்கத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹிலாரி பார்த் போன்றோர், கோட்டில் புள்ளி வைப்பது உண்மையில் "முழுசில் இது எத்தனை பங்கு" என்று மதிப்பிடும் வேலை, அந்த மதிப்பீட்டுக்கே உரிய கோணல்தான் இந்த வளைவு என்கிறார்கள். விவாதம் தீரவில்லை. ஆனால் கோட்டில் நன்றாகப் புள்ளி வைக்கும் பிள்ளைகள் பொதுவாகக் கணக்கிலும் நன்றாகச் செய்கிறார்கள் என்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

பத்துக் கட்டம் போதும்

சரி, பள்ளிக்கே போகாத குழந்தைக்கு இந்த அளவுகோலை எப்படித் தருவது? சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையிலேயே மலிவான சாதனங்களைக் கொண்டு நடந்தவற்றில் ஒன்றாக இருக்கும். ஓர் அட்டை, அதில் ஒரே வரிசையில் பத்துக் கட்டங்கள், இடமிருந்து வலமாக 1 முதல் 10. சுழற்றினால் 1 அல்லது 2 விழும் ஒரு சுழல்முள். ஒரு காய். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் ஹெட் ஸ்டார்ட் பாலர் பள்ளிகளில், நாலைந்து வயதுப் பிள்ளைகளோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து ஆடினார்கள். இரண்டு வாரத்துக்குள் நாலு தடவை, தடவைக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான் மொத்தச் சிகிச்சையும்.

இன்னொரு பிள்ளைக் கூட்டத்துக்கு அதே அட்டை, அதே ஆட்டம், எண்ணுக்குப் பதில் வண்ணம். எண் அட்டையில் ஆடியவர்கள் எண்ணுவதில், எண்ணைப் பார்த்துப் படிப்பதில், எது பெரிது என்று சொல்வதில், கோட்டில் புள்ளி வைப்பதில் என்று நாலிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. வண்ண அட்டையில் ஆடியவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பிறகு கட்டங்களை வட்டமாக அடுக்கிப் பார்த்தார்கள். வரிசையாக இருந்த அட்டை அளவுக்கு அது பயன் தரவில்லை.

ஏன் வரிசை? பத்தாம் கட்டத்துக்குப் போகப் போக, காய் கடந்த தூரம் கூடுகிறது, சொன்ன எண்கள் கூடுகின்றன, கை நகர்ந்த தடவைகள் கூடுகின்றன, ஆன நேரமும் கூடுகிறது. எண் பெரிதாவதைக் கண், காது, கை எல்லாம் ஒரே சமயத்தில் உணர்கின்றன.

இப்படிக் காய் நகர்த்தி ஆடுவதில் அமெரிக்கப் பிள்ளைகள் அறிந்த பழைய விளையாட்டு 'சூட்ஸ் அண்ட் லேடர்ஸ்'. அது நம் பரமபதத்தின் பேரன். இந்தியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து போய், பாம்பும் ஏணியுமாகி, 1943இல் அமெரிக்காவில் பாம்பைத் தொலைத்துவிட்டுச் சறுக்குமரமாக மாறியது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நாம் உருட்டிய தாயக்கட்டைக்கு இப்படி ஒரு வம்சம்!

ஆனால் பரமபதம் ஆடினாலே போதும் என்று கிளம்பிவிட வேண்டாம். சீக்லரும் எலிடா லாஸ்கியும் 2014இல் 100 கட்ட அட்டையை வைத்துச் செய்த சோதனையில் ஒரு நுணுக்கம் வெளிப்பட்டது. காய் 37இல் நிற்கிறது, 4 விழுந்தது. நாம் எப்படி நகர்த்துவோம்? "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று தட்டிக்கொண்டே போவோம். அப்படி ஆடிய பிள்ளைகளுக்குப் பெரிய பயன் கிடைக்கவில்லை. "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொண்ணு" என்று கட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்லி நகர்த்தியவர்களுக்குத்தான் எண்கள் மனதில் இடம்பிடித்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணும் பிள்ளை கட்டத்தில் இருக்கும் எண்ணைப் பார்க்கவே தேவையில்லையே.

முக்காலே மூணு வீசம்

பின்னம் வந்ததும் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையும் முழிக்கும். இது ஊரெங்கும் உள்ள கதை. அமெரிக்காவில் தேசிய அளவில் நடக்கும் ஒரு தேர்வில் 1978இல் ஒரு கேள்வி கேட்டார்கள். 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு? கணக்குப் போடவேண்டாம், மதிப்பிட்டால் போதும். தேர்ந்தெடுக்க 1, 2, 19, 21 என்று நாலு விடைகள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேர்தான் 2 என்று சொன்னார்கள். மற்றவர்களில் பலர் மேலே உள்ளதைக் கூட்டி 19 என்றார்கள் அல்லது கீழே உள்ளதைக் கூட்டி 21 என்றார்கள். சீக்லரும் சகாக்களும் 2014இல் அதே கேள்வியை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். 27 சதவீதம். முப்பத்தாறு ஆண்டில் மூன்று சதவீத வளர்ச்சி.

நம் பாட்டிகளுக்கு இந்தக் கேள்வி ஒரு பொருட்டே இல்லை என்று எனக்குத் தோன்றும். 7/8 அவர்களுக்கு முக்காலே அரைக்கால். 12/13 ஏறக்குறைய முக்காலே மூணு வீசம், அதாவது முக்காலும் பதினாறில் மூன்றும் சேர்ந்தது, 15/16. "முக்காலே மூணு வீசம் வேலை முடிஞ்சாச்சு" என்றால் இன்னும் ஒரு துளிதான் பாக்கி என்று எல்லோருக்கும் புரியும். இரண்டுமே ஒன்றைத் தொட்டுக்கொண்டு நிற்பவை, ஆக இரண்டு. அவர்களுக்கு வீசம் என்பது ஓர் அளவு, கையில் அள்ளிக் காட்டக்கூடியது. இன்றைய பிள்ளைக்கு 7/8 என்பது ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் உட்கார்ந்திருக்கும் இரண்டு எண்கள்.

சிக்கலின் வேர் அங்கேதான் என்பது சீக்லரின் கருத்தும். முழு எண்ணில் உண்மையாக இருந்த பல விஷயங்கள் பின்னத்தில் பொய்யாகிவிடுகின்றன. ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த எண் ஒன்று உண்டு என்பது பொய்யாகிறது. பெருக்கினால் பெரிதாகும் என்பதும் பொய்யாகிறது. மிஞ்சி நிற்கும் பொதுத்தன்மை ஒன்றே ஒன்று: முழு எண்ணோ பின்னமோ, எதற்கும் எண்கோட்டில் ஓர் இடம் உண்டு. அதனால் பின்னத்தை ரொட்டித் துண்டாக மட்டும் காட்டாமல் கோட்டில் வைத்தும் காட்டவேண்டும் என்று அவர் வலியுறுத்துகிறார். ஒரு ரொட்டியில் 7/5 எப்படி வெட்டுவது என்று பிள்ளை கேட்டால் பதில் இல்லை. கோட்டில் 1ஐத் தாண்டிப் போனால் அது இருக்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு அக்கறை? 2012இல் அவருடைய குழு அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாட்டிலும் பல ஆண்டுகள் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து திரட்டப்பட்ட தகவல்களை எடுத்துப் பார்த்தது. பத்து முதல் பன்னிரண்டு வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிந்திருந்தது என்பது, ஐந்தாறு ஆண்டு கழித்து இயற்கணிதத்திலும் மொத்தக் கணக்கிலும் எவ்வளவு தேறுவார்கள் என்பதை முன்கூட்டியே காட்டியது. பொது அறிவுத்திறன், குடும்ப வருமானம், பெற்றோரின் படிப்பு, கூட்டல் கழித்தல் திறமை எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தும்கூட.

தவறு எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்கள் ஒரு வேடிக்கையையும் கண்டார்கள். 3/5 × 4/5 என்றால் 12/5 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். பகுதி, அதாவது கீழே உள்ள எண், சமமாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது கூட்டலுக்கு உரிய விதி, அதைப் பெருக்கலிலும் இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஏன்? சீக்லரும் டேவிட் ப்ரெய்த்வெய்ட்டும் அமெரிக்கப் பாடப்புத்தகங்களின் பயிற்சிக் கணக்குகளை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். பகுதி சமமான கணக்குகள் பெரும்பாலும் கூட்டலாகவோ கழித்தலாகவோ இருந்தன. பெருக்கலில் அப்படிப்பட்டவை அபூர்வம். பிள்ளைகள் யாரும் சொல்லித்தராத பாடத்தைப் புத்தகத்திலிருந்து பொறுக்கி எடுத்திருந்தார்கள்: "பகுதி ஒன்றாக இருந்தால் இப்படிச் செய்." அதே கணக்குகளைப் பிள்ளைபோல் கற்க எழுதிய கணினி நிரல் ஒன்றுக்கு ஊட்டியபோது அதுவும் பிள்ளைகள் செய்த தவறுகளையே செய்தது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் ஆசிரியர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நம் புத்தகத்திலும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? 2015இல் சீக்லரும் ஹியூக் லோர்தி-ஃபோர்க்கும், ஆசிரியராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்களிடம் இப்படி ஒன்றைக் கேட்டார்கள்: 31/56 × 17/42 என்பது 31/56ஐவிடப் பெரியது. சரியா, தவறா? கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதிப் பேருக்குச் சரியாக அமைந்துவிடும். அவர்கள் தேறியது அதற்கும் கீழே. அதாவது தெரியாமல் தடுமாறவில்லை, பெருக்கினால் பெரிதாகும் என்று உறுதியாக நம்பித் தவறினார்கள். இவ்வளவுக்கும் பெருக்கிக் காட்டச் சொன்னால் தவறில்லாமல் பெருக்கத் தெரிந்தவர்கள்தான். 31/56 அரைக்குச் சற்று மேல். 17/42 அரைக்குச் சற்றுக் கீழ். அரைக்குச் சற்று மேலே உள்ள ஒன்றில் பாதிகூட இல்லை என்றால், அது ஏறக்குறைய கால்தான், 31/56ஐத் தாண்ட வழியே இல்லை.